கோட் டிரையலில் எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில்

ரிசப்ஷனுக்குக் கோட் தைக்கக் கொடுத்தவர் டிரையலுக்குப் போய்க் கண்ணாடி முன் நின்றதும் முதலில் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "இடுப்புல இன்னும் கொஞ்சம் பிடிங்க மாஸ்டர்." மாஸ்டரும் இரண்டு பக்கமும் குண்டூசி குத்திப் பிடித்துவிடுவார். உடம்பு ஒல்லியாகத் தெரியும், மனசு நிறைந்துவிடும். ஆனால் கோட்டில் இடுப்பு என்பது எப்போது வேண்டுமானாலும் பிடிக்கவும் விடவும் முடிகிற இடம். கல்யாணத்துக்கு முந்தின நாள்கூட அதைச் சரிசெய்துகொள்ளலாம். பிடரி, தோள், கைக்குழி (கோட்டில் கை வந்து சேரும் துளை), முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் உள்ள நீளக் கணக்கு ஆகியவற்றை அப்படித் தொட முடியாது. இவை தவறியிருந்தால் இடுப்பை எவ்வளவு இறுக்கினாலும் இரவல் கோட் போட்ட மாதிரிதான் இருக்கும். அதனால் பார்க்க வேண்டிய வரிசை மேலிருந்து கீழே: பிடரி, தோள், கை, முதுகு, நீளம், அப்புறம்தான் இடுப்பு.

போவதற்கு முன்

கல்யாணத்துக்கு ஆறு வாரம் முன்பு அளவு, மூன்று வாரம் முன்பு முதல் டிரையல், பத்து நாள் முன்பு இரண்டாவது டிரையல் என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும். ரொம்ப முன்னாடியே அளவு கொடுத்தால் அலைச்சலில் உடம்பு இளைத்தோ, வீட்டுக்கு வீடு விருந்தில் பெருத்தோ போயிருக்கும்.

58 இன்ச் அகலத் துணியில் கோட்டும் பேன்ட்டும் தைக்க 3 முதல் 3¼ மீட்டர் வேண்டும். வெயிஸ்ட்கோட்டும் சேர்ந்தால் 3¾ மீட்டர். கட்டம் போட்ட துணி என்றால் கட்டத்தோடு கட்டம் சேர்ப்பதற்காக இன்னும் அரை மீட்டர் கூடுதலாக எடுக்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு மீட்டருக்கு 250 முதல் 280 கிராம் எடையில், முறுக்கேறிய நூலில் கொஞ்சம் இடைவெளி விட்டு நெய்த கம்பளித் துணி தோது. கடைக்காரர் 'சூப்பர் 150' என்று எடுத்துப் போட்டால் மயங்க வேண்டாம். அந்த எண் இழை எவ்வளவு மெல்லியது என்பதை மட்டும்தான் சொல்கிறது. சூப்பர் 100 என்றால் இழையின் சராசரித் தடிமன் 18.75 மைக்ரானுக்குள், சூப்பர் 150 என்றால் 16.25 மைக்ரானுக்குள். மெல்லிய இழை சீக்கிரம் கசங்கும், தையலில் உள்ள ஒவ்வொரு பிசகையும் வெளியே காட்டிக்கொடுக்கும். மூன்று நான்கு மணி நேரம் மேடையில் நிற்பவருக்கு 110, 120 போதும்.

முதல் டிரையல் எந்தக் கட்டத்தில் என்பதை அளவு கொடுக்கும்போதே பேசிவிட வேண்டும். பாக்கெட் வெட்டியிருக்கக் கூடாது. காஜா போட்டிருக்கக் கூடாது. கையும் காலரும் வெள்ளை நூலில் எளிதில் பிரிக்க முடிகிற ஓட்டுத் தையலாக மட்டும் நிற்க வேண்டும். பல கடைகளில் லைனிங்கும் வைத்து, பட்டனும் தைத்து, அயர்ன் போட்டு ஹேங்கரில் மாட்டிவிட்டுத்தான் போன் செய்கிறார்கள். அதற்குப் பேர் டிரையல் இல்லை, டெலிவரி.

டிரையலுக்குப் போகும்போது ரிசப்ஷன் அன்றைக்குப் போடப்போகிற சட்டை, அதே ஷூ. பர்ஸ், போன், வண்டிச் சாவி எல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும். நிற்கும் விதம் இதைவிட முக்கியம். கண்ணாடியைப் பார்த்ததும் எல்லாரும் நெஞ்சை நிமிர்த்தி வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறோம். மாஸ்டர் அந்த ஐந்து நிமிட உடம்புக்குக் குறி போட்டுவிடுவார். கோட்டோ மிச்ச நேரத்து உடம்புக்கு வேண்டியது. இரண்டு நிமிடம் யாரிடமாவது பேசிக்கொண்டு நின்றால் உடம்பு தன் இயல்புக்கு வந்துவிடும்.

முதுகைக் கண்ணாடியில் பார்க்க முடியாது. திரும்பினால் கோட்டும் சேர்ந்து திருகிக்கொள்ளும். கூட வந்தவரிடம் போனைக் கொடுத்துப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லி, மார்பு உயரத்தில் பிடித்து, இரண்டு மடங்கு ஜூமில் முன், பின், இரண்டு பக்கவாட்டு என நான்கு படம் எடுக்கச் சொல்லுங்கள். கிட்டே நின்று எடுத்த படத்தில் தோள் பெருத்துக் கால் குட்டையாகிவிடும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கோடுகள் சொல்வது

துணியில் விழும் கோடு இரண்டு வகை. இழுபட்டு விறைப்பாக நிற்பது ஒன்று, தொளதொளவென்று மடிந்து கிடப்பது இன்னொன்று. விறைப்பான கோட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டே போனால் துணி பற்றாத இடத்தில் போய் நிற்கும். தொளதொள மடிப்பு மிச்சத் துணி. அது படுக்கையாகக் கிடந்தால் அங்கே நீளம் மிச்சம், நெடுக்காகத் தொங்கினால் அகலம் மிச்சம். சாய்வாக ஓடினால் தோளின் சரிவும் கோட்டின் சரிவும் ஒத்துப்போகவில்லை, அல்லது முன்பின் நீளம் இடறுகிறது.

எந்தக் கோட்டைக் காட்டினாலும் "அயர்ன் போட்டா சரியாயிடும் சார்" என்று ஒரு பதில் வரும். சில சமயம் அது உண்மையும்கூட. சோதித்துவிடலாம்: மடிப்புக்குப் பக்கத்தில் துணியை இரண்டு விரலால் கிள்ளிப் பிடியுங்கள். பிடித்ததும் மடிப்பு மறைந்தால் அது வெட்டில் உள்ள கோளாறு, இஸ்திரிப் பெட்டிக்கு அங்கே வேலை இல்லை.

பிடரி

கோட்டின் மொத்த எடையும் பிடரியிலும் தோளிலும்தான் தொங்குகிறது. அதனால் காலர் சட்டைக் காலரை ஒட்டி, சுற்றிலும் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். பின்னால் சட்டைக் காலர் அரை இன்ச் மேலே தெரிய வேண்டும். இங்கே இரண்டு கோளாறுதான் திரும்பத் திரும்ப வரும்.

ஒன்று, காலர் கழுத்தை விட்டு விலகி நிற்பது. முதலில் பட்டனைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் காலர் போய் ஒட்டிக்கொண்டால் பிடரியில் குற்றமில்லை. இடுப்போ சீட்டோ (உட்காரும் பின்பகுதி) டைட்டாக இருந்து கோட்டை மேலும் கீழும் இழுத்திருக்கிறது, அங்கே விட்டால் சரியாகும். கழற்றியும் விலகியே நின்றால் பக்கவாட்டுப் படத்தைப் பாருங்கள். கோட்டின் கீழ் விளிம்பு பின்பக்கம் தூக்கிக்கொண்டு முன்பக்கம் தாழ்ந்திருந்தால், முதுகு வளைவுக்குப் பின்துணி நீளம் பற்றவில்லை என்று அர்த்தம். நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன் குனிந்து உட்காருகிறவர்களுக்கு மேல்முதுகு வளைந்து கழுத்து முன்னே நீண்டிருக்கும், பெரும்பாலும் அவர்களுக்குத்தான் இது. காலரைப் பிரித்து, பின் கழுத்திலும் தோள் தையலிலும் உள்ளே இருக்கும் துணியை விட்டுக் கால் முதல் அரை இன்ச் ஏற்ற வேண்டும். உள்ளே துணி இல்லாவிட்டால் அந்தக் கோட்டை யாராலும் காப்பாற்ற முடியாது. பக்கவாட்டில் விளிம்பு நேராக இருந்தும் காலர் விலகினால் கழுத்து வெட்டு அகலமாகிவிட்டது, அல்லது காலர் நீளமாகிவிட்டது. காலரைக் கழற்றிச் சற்று குறுக்கி மறுபடி ஏற்றினால் போதும்.

இன்னொன்று, காலருக்குக் கீழே முதுகில் படுக்கையாக ஒரு மடிப்பு சுருண்டு கிடப்பது. நிமிர்ந்து நிற்கிறவருக்கும், தோள் சரிவே இல்லாமல் பலகை போல் நேராக இருப்பவருக்கும் இது வரும். நிமிர்ந்த உடம்பில் பின்துணி நீளம் மிச்சப்பட்டு மடிகிறது, முன்பக்கம் நீளம் பற்றாமல் பட்டனுக்குக் கீழே இரண்டு முன்விளிம்பும் விரிந்து ஓடும். நேரான தோளில் கோட் தோளின் நுனியில் மட்டும் உட்கார்ந்து கழுத்துப் பக்கம் தூக்கிக்கொள்ளும், அதில் மிஞ்சுவது மடிப்பாக விழும். அவர்களுக்கு முதலில் ஷோல்டர் பேடை, அதாவது தோளுக்குள் வைக்கும் பஞ்சு அடுக்கை, மெலிதாக்கிப் பார்க்க வேண்டும். அதற்கும் போகாவிட்டால் காலரை இறக்க வேண்டும். எவ்வளவு என்பதற்கு உத்தேசம் தேவையில்லை. சுருண்ட மடிப்பை அப்படியே கிள்ளிக் குண்டூசி குத்தி, கிள்ளிய உயரத்தை அளந்துகொள்ளுங்கள். கிள்ளியது கால் இன்ச் என்றால் மடிப்பின் இரு பக்கமும் சேர்த்துப் போக வேண்டியது அரை இன்ச். "மாஸ்டர், பின் கழுத்துல அரை இன்ச் இறக்கிடுங்க" என்று சொன்னால் அவருக்கும் வேலை சுலபம். "என்னமோ சரியில்ல மாஸ்டர்" என்று சொன்னால்தான் அவர் இடுப்பைப் பிடிக்கப் போய்விடுகிறார்.

தோள்

தோள் தையல் தோள் எலும்பின் முனையில் முடிய வேண்டும். ஒரு சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நின்று மெல்லச் சாய்ந்து பாருங்கள். கையும் கோட்டின் தோளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சுவரைத் தொட்டால் சரி. பேட் மட்டும் முதலில் முட்டினால் தோள் அகலம். அகலமான தோளுக்குக் கீழே கையின் மேற்பகுதியில் ஒரு குழி விழும். குறுகலான தோளில் நேர்மாறாக, கையின் தசை துணியைத் தள்ளிக்கொண்டு வெளியே புடைத்துத் தெரியும். ஓட்டுத் தையல் நிலையில் இரண்டையும் மாற்றலாம். தைத்து முடித்த பிறகு பக்கத்துக்கு அரை இன்ச் குறைப்பதே கையைப் பிரித்துச் செய்யும் பெரிய வேலை. அகலப்படுத்துவது நடக்காது.

இரண்டு தோளும் ஒரே உயரத்தில் இருப்பவர்கள் குறைவு. தாழ்ந்த பக்கம் கழுத்தோரத்திலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாக ஒரு மடிப்பு இறங்கும். அந்தப் பக்கப் பேடின் கீழ் மெல்லிய பஞ்சு ஓர் அடுக்கு, கால் இன்ச்சுக்குள், கூடுதலாக வைத்தால் மடிப்பு போய்விடும். இரண்டு தோளும் சரிந்தவருக்கும் இதே மடிப்பு இரண்டு பக்கமும் வரும். அவருக்குப் பேடைக் கனமாக்குவதைவிடத் தோள் தையலை நுனியில் பிடித்துச் சரிவை வெட்டிலேயே கொண்டுவருவது பார்க்க இயல்பாக இருக்கும்.

பேட் எவ்வளவு கனம் என்பதில் ஊருக்கு ஊர் வேறு ரசனை. ராணுவ உடுப்பின் வழிவந்த லண்டன் வெட்டில் தோள் திடமாக நிற்கும். 1930களில் நேப்பிள்ஸ் தையல்காரர்கள் பேடையும் உள்துணியையும் கழித்துவிட்டுச் சட்டை மாதிரி லேசான கோட்டைத் தைத்தார்கள். நம் வெயிலுக்கு நேப்பிள்ஸ் வழிதான் பொருத்தம் என்று தோன்றும். ஆனால் பேட் இல்லாத தோள் எதையும் மறைக்காது, ஓட்டுத் தையல் டிரையல் கொடுக்காத கடையில் அதைக் கேட்காமல் இருப்பதே நல்லது.

கை

கைக்குழி உயரமாக, அக்குளைச் சற்றுத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். நமக்கு இது விநோதமாகப் படும். குழியை இறக்கினால்தானே கை தாராளமாக அசையும்? இல்லை. குழி தாழ்ந்தால் கை உடம்போடு சேரும் இடமும் தாழ்கிறது, கையைத் தூக்கும்போது கோட்டின் முழு பக்கமும் கூடவே எழும்புகிறது. மேடையில் கும்பிடு போடும்போது கோட் மொத்தமும் காதுவரை ஏறி நிற்பதற்குக் காரணம் இதுதான். ரெடிமேட் கோட்டில் எல்லா உடம்பும் நுழைய வேண்டும் என்று குழியைத் தாழ்த்தியே வெட்டுவார்கள். தைக்கும் கோட்டில் முதலிலேயே சொல்ல வேண்டும்: "கைக்குழியை மேல வச்சு வெட்டுங்க, டிரையல்ல இடிச்சா அப்ப இறக்கிக்கலாம்." உயர்ந்த குழியை இறக்க முடியும். வெட்டிப்போன துணியைத் திரும்ப வைத்துக் குழியை ஏற்ற முடியாது.

அடுத்து, கை தொங்கும் கோணம். கையை இயல்பாகத் தொங்கவிட்டுப் பக்கவாட்டில் படம் எடுங்கள். கோட் கையின் பின்புறம் மடிப்பு விழுந்தால் உங்கள் கை தைத்த கையைவிடப் பின்னால் தொங்குகிறது. முன்புறம் விழுந்தால் உங்கள் கை முன்னால் தொங்குகிறது. ஓட்டுத் தையலைப் பிரித்துக் கோட்டின் கையை அரை முதல் முக்கால் இன்ச் சுழற்றி வைத்தால் மடிப்பு மாயமாகிவிடும். கட்டத் துணியில் இப்படிச் சுழற்றினால் மார்புக் கட்டமும் கைக் கட்டமும் சேராமல் போகும். அந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும்.

நீளம் மணிக்கட்டு எலும்போடு முடிந்து, சட்டைக் கை கால் முதல் அரை இன்ச் வெளியே தெரிய வேண்டும். இதற்குச் சட்டைக் கையே சரியான நீளத்தில் இருக்க வேண்டும் என்பது பலருக்கு மறந்துபோகும். சட்டைக் கை கட்டைவிரல் அடிவரை வர வேண்டும், அதன் பட்டையும் மணிக்கட்டைப் பிடித்து நிற்கிற அளவுக்கு இறுக்கமாக வேண்டும். இரண்டு கையையும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள், கால் இன்ச் வித்தியாசம் சாதாரணம். கை நுனியில் நிஜமாகவே திறக்கும் காஜா வேண்டுமென்றால் நீளம் முடிவான பிறகே வெட்ட வேண்டும்.

மார்பும் முதுகும்

சட்டைமேல் எடுத்த உடம்பு அளவைவிடக் கோட்டின் மார்பளவு 4 இன்ச் கூடுதல் இருந்தால் சீரான பொருத்தம், 3 இன்ச் என்றால் ஒட்டிய பொருத்தம். அதற்கும் கீழே போனால் லேப்பல் (காலரிலிருந்து மார்பின் மேல் மடிந்து கிடக்கும் பகுதி) மார்பில் படியாமல் வில்லாக வெளியே வளையும். இடுப்பிலும் சீட்டிலும் 3 முதல் 4 இன்ச். 38 இன்ச் மார்பு, 34 இன்ச் இடுப்பு உள்ளவருக்குக் கோட்டின் மார்பு 42, இடுப்பு 37 அல்லது 38 வரும். பட்டன் போட்டதும் அங்கிருந்து நான்கு பக்கமும் பெருக்கல் குறி போலக் கோடு கிளம்பினால் டைட். சீட் பற்றவில்லை என்பதைக் கோட்டின் பின்பக்கம் கீழே விட்டிருக்கும் பிளவு (கட்) சொல்லிவிடும். அது திரைச்சீலை மாதிரி மூடித் தொங்க வேண்டும், நிற்கும்போதே வாய் பிளந்து இருக்கக் கூடாது.

முதுகு கண்ணாடி போல் வழவழப்பாக இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். கைக்குழியை ஒட்டித் தோள்பட்டை எலும்பின் மேல் நெடுக்காக ஒரு மெல்லிய தொய்வு வேண்டும். இரு கையையும் முன்னால் நீட்டும்போது விரிவது அந்தத் துணிதான். அதையும் மழித்துவிட்டால் கைகுலுக்கக் கை நீட்டும்போது முதுகு பிடிக்கும், நடுத் தையல் ஒருநாள் பிரியும். இந்தத் தொய்வை வேண்டுமென்றே கூட்டி வெட்டும் பாணியே ஒன்று உண்டு. லண்டனில் ஃபிரெடெரிக் ஷோல்ட்டே என்ற தையல்காரர், காவல்படை அதிகாரிகளின் பெரிய கோட்டுகளைப் பார்த்து உண்டாக்கியது. பிற்பாடு வின்ட்சர் கோமகன் ஆன பிரிட்டிஷ் அரசர் எட்டாம் எட்வர்ட் அவரிடம்தான் தைத்தார். ஷோல்ட்டேயிடமிருந்து அதைக் கற்றவர் 1906இல் தொடங்கிய ஆண்டர்சன் அண்ட் ஷெப்பர்ட் என்ற தையல் கடை இன்றும் அந்த வெட்டுக்குப் பேர் போனது.

நீளம், பட்டன், லேப்பல்

கோட் நீளத்துக்கு ஒரு பழைய கணக்கு: வெறுங்காலில் நின்று, பிடரி எலும்பிலிருந்து தரைவரை அளந்து பாதியாக்குவது. 5 அடி 7 அங்குலம் உள்ளவருக்கு அது ஏறக்குறைய 57 இன்ச், பாதி 28½. காலர் தையலுக்குக் கீழிருந்து கோட்டின் நீளம் அது. இதிலிருந்து அரை இன்ச் கூடலாம், குறையலாம். எப்படியானாலும் பின்பக்கம் முழுதாக மூடப்பட வேண்டும். கையைத் தொங்கவிட்டு விரலை மடக்கிப் பார்க்கும் சோதனையை நம்ப முடியாது, கை நீளம் ஆளுக்கு ஆள் மாறும். சில வருடமாக 26, 27 இன்ச்சில் குட்டையாகத் தைத்துத் தருகிறார்கள். கால் நீளமாகத் தெரியும் என்பது நியாயம். ஆனால் பாதிப் பின்பக்கம் வெளியே தெரிகையில் கண் காலுக்குப் போவதே இல்லை.

இரண்டு பட்டன் கோட்டில் மேல்பட்டன்தான் முழு கோட்டின் அச்சு. இடுப்பு ஒடுங்கும் இடத்தில், பலருக்குத் தொப்புளுக்கு ஓரிரு விரல் மேலே, அது நிற்க வேண்டும். தாழ்ந்தால் உடம்பு நீண்டு கால் குட்டையாகும். மேலே போனால் அடியில் பாவாடை மாதிரி விரியும். கீழ்ப்பட்டன் அதிலிருந்து 4 இன்ச் கீழே, பக்கவாட்டுப் பாக்கெட்டின் மட்டத்தில். அதைப் போடுவதில்லை, போடாமல் இருப்பதற்கென்றே முன்விளிம்பு அங்கே வளைத்து வெட்டப்படுகிறது.

லேப்பலின் அகலம் கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவில் பாதிவரை வரட்டும். சராசரி உடம்புக்கு 3¼ முதல் 3¾ இன்ச். டையும் ஏறத்தாழ அதே அகலம். ரிசப்ஷன் கோட்டுகளில் பளபளக்கும் சாட்டின் துணியில் 2 இன்ச் ஷால் காலர் (நடுவில் வெட்டு இல்லாமல் ஒரே வளைவாக இறங்கும் காலர்) வைத்துத் தருவது இப்போது வழக்கமாகிவிட்டது. பெரிய மார்புள்ளவருக்கு அது ரிப்பன் கட்டிய மாதிரி இருக்கும், 3 இன்ச்சாவது கேளுங்கள்.

தொப்பை உள்ளவர் தொளதொளவென்று தைத்து மறைக்கப் பார்ப்பார். அது தோளில் துவங்கி எல்லாவற்றையும் கெடுக்கும். தோளும் மார்பும் அளவோடு இருக்க, முன்துணிக்கு மட்டும் நீளமும் அகலமும் கூட்ட வேண்டும். நல்ல மாஸ்டர் பாக்கெட் வாய்க்குள் மறையும்படி ஒரு படுக்கை டாட் (துணியைக் கூராக மடித்துத் தைப்பது) பிடித்து வயிற்றுக்கு வளைவு கொடுப்பார். பட்டன் வயிற்றின் உச்சிக்குச் சற்று மேலே நிற்கட்டும்.

பேன்ட்

கோட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பட்டனுக்குக் கீழே முக்கோணமாக வெள்ளைச் சட்டை எட்டிப் பார்த்தால் எல்லாம் போச்சு. இன்றைக்கு அதிகம் கண்ணில் படும் குறை இதுதான். குற்றம் கோட்டில் இல்லை. ஜீன்ஸ் பழக்கத்தில் இடுப்புக்குக் கீழே நிற்கும்படி, கவட்டையிலிருந்து 8, 9 இன்ச் உயரத்தில் தைத்த பேன்ட்டில் இருக்கிறது. கவட்டைத் தையலிலிருந்து பட்டையின் மேல்விளிம்பு வரை முன்பக்கம் 10½ முதல் 11½ இன்ச் வேண்டும். பேன்ட் தொப்புளருகே நின்றால் கோட்டின் பட்டனும் பேன்ட்டின் பட்டையும் சந்திக்கும். தொப்பை உள்ளவருக்கும் இதே இடம்தான், தொப்பைக்குக் கீழே கட்டினால் நாள் முழுக்க இறங்கிக்கொண்டே இருக்கும். வெயிஸ்ட்கோட் போடுகிறவர் பெல்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் இழுத்து மாட்டும் பட்டை வைக்கச் சொல்லலாம், பெல்ட் பக்கிள் வெயிஸ்ட்கோட்டுக்கு அடியில் முண்டும்.

சீட்டில் உடம்பளவைவிட 3 இன்ச், ப்ளீட் (முன்பக்க மடிப்பு) வைத்தால் 4 இன்ச். நிற்கும்போதே பக்கப் பாக்கெட்டின் வாய் பிளந்தால் சீட் பற்றவில்லை. கவட்டையிலிருந்து தொடையை நோக்கி விறைப்பான கோடுகள் விசிறி போல் கிளம்பினால் அங்கே துணி போதவில்லை, உள்தொடைத் தையலின் மேல்பகுதியில் கால் முதல் அரை இன்ச் விட வேண்டும். பின்பக்கத்துக்குக் கீழே தொங்கலாக மடிப்பு கிடந்தால் பின்துணி நீளம் மிச்சம், பட்டையைப் பிரித்துப் பின்னால் மட்டும் சற்று இறக்கினால் போகும்.

இஸ்திரி மடிப்பு முட்டியின் நடுவிலும் ஷூவின் நடுவிலும் விழ வேண்டும். பாட்டம் ஷூ நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கை மூடட்டும், 12 இன்ச் ஷூவுக்குப் பாட்டம் சுற்றளவு 16. ஸ்லிம் என்று 13 வைத்தால் ஷூ படகு மாதிரி தெரியும், கெண்டைக்கால் பெருத்தவருக்குப் பேன்ட் பின்னால் மாட்டிக்கொண்டு கீழே இறங்காது. நீளம், முன்னால் ஷூவைத் தொட்டு ஒரே ஒரு சின்ன மடிப்பு விழுகிற அளவு. பின்பக்கம் அரை இன்ச் தாழ்வாகச் சாய்த்து மடித்தால் இன்னும் சீராகத் தொங்கும். வெளியே மடித்த பாட்டம் வைத்தால் ஒன்றரை இன்ச். அதைச் சாய்க்க முடியாது, நேராகத்தான் வைக்க வேண்டும்.

ரெடிமேட் வாங்குகிறவருக்கு

தோளும் காலரும் நீளமும் பொருந்துகிற கோட்டை எடுத்துவிட்டு மற்றதை ஆல்டர் செய்துகொள்ளலாம். இடுப்பில் மொத்தம் 2 இன்ச்வரை பிடிக்கலாம், அதற்கு மேல் போனால் பாக்கெட்டுகள் முதுகுப் பக்கம் நகரும். கை நீளத்தில் ஒரு இன்ச் குறைக்கலாம். கோட் நீளத்தை முக்கால் இன்ச்சுக்கு மேல் வெட்டினால் பாக்கெட் விளிம்பில் வந்து உட்கார்ந்துவிடும். ஒரே பெட்டியில் வரும் சூட்டில் மார்புக்கும் இடுப்புக்கும் பெரும்பாலும் 6 இன்ச் வித்தியாசம் வைத்திருப்பார்கள்: 40 கோட்டுக்கு 34 பேன்ட். உடம்பு அந்தக் கணக்கில் இல்லாதவர் கோட்டும் பேன்ட்டும் தனித்தனி அளவில் எடுக்க முடிகிற கடையைத் தேடுவது நல்லது. கடைசிப் பட்டனுக்குக் கீழே முன்துணியின் இரண்டு பக்கத்தையும் விரலால் பிரித்து இழுத்துப் பார்க்கும்போது நடுவில் தனியாக மூன்றாவது அடுக்கு ஒன்று நகர்ந்தால், உள்ளே விறைப்புக்காகக் கேன்வாஸ் துணி தைத்து வைத்திருக்கிறார்கள். நகராவிட்டால் அது பெரும்பாலும் பசையால் ஒட்டிய உள்துணி (ஃப்யூஸிங்), நாலைந்து டிரை கிளீனிங்கில் மார்பில் கொப்புளம் கிளம்பக்கூடும்.

தைத்த கோட்டை வாங்கும்போது பணம் கொடுப்பதற்கு முன் உள்ளே விட்டிருக்கும் துணியைக் காட்டச் சொல்லுங்கள். பக்கத் தையலில் முக்கால் இன்ச், கை நுனியில் ஒன்றரை, பேன்ட்டின் பின் சீட் தையலில் பக்கத்துக்கு ஒன்றரை, பாட்டத்தில் இரண்டு. லைனிங் மூடிய பிறகு இதைப் பார்க்க முடியாது என்பார்கள், ஆனால் பக்கத் தையலை விரலால் அழுத்திப் பிடித்தாலே உள்ளே எவ்வளவு துணி இருக்கிறது என்று கைக்குத் தெரியும். பேன்ட்டின் பின் தையலோ திறந்தே கிடக்கும்.